கருப்புத் திரையும் காணாமல் போன காய்ச்சல் பட்டியலும்



இன்னைக்கு மருத்துவப் பதிவு இல்லை. கம்ப்யூட்டர் பதிவு. நான் செஞ்ச ஒரு முட்டாள்தனத்தைச் சொல்றேன். டெர்மினல் கத்துக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவும்.

சினிமாவில் ஹேக்கர் படபடன்னு தட்டுவாரே, அந்தக் கருப்புத் திரைதான் டெர்மினல். அதுக்குள்ள இருந்து நாம டைப் பண்றதை வாங்கி, கம்ப்யூட்டரை வேலை செய்ய வைக்கிற ப்ரோகிராமுக்குப் பேர் ஷெல்.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆரம்பிச்சது யூனிக்ஸ். இன்னைக்கு லினக்ஸ், மேக் ரெண்டுமே அந்த வழிதான். நான் எம்பிபிஎஸ் முடிச்ச பிறகு சிகிச்சை முறைகளே எவ்வளவோ மாறிடுச்சு. 1973இல் வந்த ‘கிரெப்’ கமாண்ட் இன்னும் அதே வேலையைச் செய்யுது. ஒரு தடவை கத்துக்கிட்டா வீணாகாது.

சரி, டாக்டருக்கு எதுக்கு இது?

ஓபியில் வர்ற காய்ச்சல் கேஸ்களை ஒரு ஃபைலில் போட்டு வைப்பேன். பேர் இருக்காது. தேதி, வயசு, ஊர், எத்தனை நாள் காய்ச்சல், அவ்வளவுதான். எந்த ஊரில் இருந்து திடீர்னு அதிகமா வர்றாங்கன்னு தெரியணும்.

‘கட்’ ஊர்ப் பேரை மட்டும் பிரிச்சுத் தரும். ‘சார்ட்’ வரிசைப்படுத்தும். ‘யுனிக்’ ஒவ்வொரு ஊரும் எத்தனை தடவைன்னு எண்ணும். மறுபடி ஒரு ‘சார்ட்’ போட்டா அதிகமான ஊர் மேலே வந்துடும். நாலையும் பைப் போட்டு இணைச்சா ஒரே வரி.

(முதல் ‘சார்ட்’டை விட்டுடாதீங்க. ‘யுனிக்’ பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஒரே மாதிரி வரிகளைத்தான் சேர்த்து எண்ணும். நான் விட்டுட்டு, ஒரே ஊர் பத்து இடத்தில் வருதேன்னு முழிச்சிருக்கேன்.)

எக்செல்லில் வராதான்னு கேட்டா, வரும். ஆனா மாசாமாசம் அதே கிளிக். இங்கே அந்த வரிக்கு ‘ஊர்கணக்கு’ன்னு ஒரு பேர் வெச்சுட்டா, அடுத்த மாசம் அந்த ஒரு வார்த்தை போதும். இப்படிப் பேர் வைக்கிறதுதான் அலியாஸ். ‘பாஷ்ஆர்சி’ங்கிற ஃபைலில் எழுதி வெச்சா ஷெல் திறக்கும்போதெல்லாம் தயாரா இருக்கும்.

இங்கேதான் எனக்கு ஆசை வந்துச்சு.

யாரோ நெட்டில் போட்டிருந்த பெரிய பாஷ்ஆர்சியை அப்படியே காப்பி பண்ணி என் வீட்டு டெஸ்க்டாப்பில் போட்டேன். கலர் கலரா அழகா இருந்துச்சு. உள்ளே என்ன இருக்குன்னு படிக்கலை.

அதில் ஒரு வரி, ஃபைலை அழிக்கிற ‘ஆர்எம்’ கமாண்டை, ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘அழிக்கவா?’ன்னு கேட்கிற மாதிரி மாத்தியிருந்துச்சு. நல்ல விஷயம்தானேன்னு தோணும். நானும் பழகிட்டேன். ஃபோல்டர் மொத்தத்துக்கும் ‘ஆர்எம் ஸ்டார்’ போடுவேன். கேட்கும். வேண்டாததுக்கு ஒய், வேணுங்கிறதுக்கு என்.

ஒரு நைட் டியூட்டி. ஆஸ்பத்திரி டெஸ்க்டாப்பிலும் லினக்ஸ்தான். அதே பழக்கத்தில் ‘ஆர்எம் ஸ்டார்’ தட்டினேன்.

அது கேட்கவே இல்லை.

மூணு மாசக் காய்ச்சல் பட்டியல் காலி. ‘ஆர்எம்’ போட்டா குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரா போயிடும். பேக்கப்பும் எடுத்து வைக்கலை. தப்பு முழுக்க என்னோடது.

ஓபி ரெஜிஸ்டரைப் பார்த்து ரெண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி ஏத்தினேன். சிஸ்டர் கேட்டாங்க, "ஏன் சார், கம்ப்யூட்டர் வந்தா எழுத்து வேலை குறையும்னு சொன்னீங்களே?"

பதில் சொல்ல முடியலை.

புது ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனா முதல் நாளே எமர்ஜென்சி ட்ரேயைத் திறந்து எந்த மருந்து எங்கே இருக்குன்னு பார்ப்போம். பழைய இடத்து ஞாபகத்தில் கையை விட மாட்டோம். அந்தப் புத்தி கீபோர்டு முன்னாடி எனக்கு வரலை.

அதனால என் கருத்து இதுதான். ஷெல்லை உங்க வசதிக்கு மாத்துங்க. ஆனா ஏற்கெனவே இருக்கிற கமாண்டோட அர்த்தத்தை மாத்தாதீங்க. புதுப் பேர் வைங்க.

கேட்டு அழிக்கணுமா? ‘கேட்டுஅழி’ன்னு அலியாஸ் வைங்க. வேற மெஷினில் தட்டினா ‘அப்படி ஒரு கமாண்ட் இல்லை’ன்னு வரும். ஒண்ணும் அழியாது.

இன்னும் சில பழக்கங்கள்:

🔹 புரியாத வரியை ஒட்டாதீங்க. அடுத்தவங்க ப்ரிஸ்கிரிப்ஷனில் மாத்திரை வாங்கிச் சாப்பிடற மாதிரிதான் அது. ‘மேன்’ கமாண்ட் போட்டுப் படிங்க.

🔹 புது மெஷினில் ‘டைப் ஆர்எம்’னு கேட்டா, அது அலியாஸா ஒரிஜினலான்னு சொல்லிடும்.

🔹 அழிக்கும் முன்னாடி அதே ஸ்டாரை ‘எல்எஸ்’ஸோட போட்டு, எதெது சிக்குதுன்னு பாருங்க.

🔹 பேக்கப். பேக்கப். பேக்கப்.

நான் இப்போ ஆஸ்பத்திரி மெஷினில் ப்ராம்ப்ட்டை மட்டும் சிவப்பாக்கி வெச்சிருக்கேன், எங்கே உட்கார்ந்திருக்கேன்னு ஞாபகம் இருக்க. கலரெல்லாம் வெட்டி வேலைன்னு சொல்றவங்க சொல்லட்டும்.

விண்டோஸ் வெச்சிருக்கிறவங்க டபிள்யூஎஸ்எல் போட்டுக்கலாம். வீட்டில் தூங்குற பழைய லேப்டாப் இருந்தா லினக்ஸ் போடுங்க. முதல் மாசம் எதையும் மாத்தாம வெறும் ஷெல்லில் பழகுங்க. எந்த வரியை அடிக்கடி தட்டுறீங்கன்னு தெரிஞ்ச பிறகு அதுக்கு மட்டும் பேர் வைங்க.



உங்கள் அரசு மருத்துவர்
(இப்போ வாராவாரம் பேக்கப் எடுக்கிறவர்)