அடுப்புப் புகைக்கு அஞ்சாதவர்கள்

மைக்ரோவேவ் ஓவனில் சூடு பண்ணிச் சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று எச்சரிக்க ஒருவராவது இல்லாத குடும்பம் இன்று அரிது. காலையில் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை மாலையில் யூடியூபில் ஒரு மருத்துவர் வழிமொழிகிறார். உணவின் சத்து செத்துவிடும், மூலக்கூறு திரிந்துவிடும், கதிர் உடம்பில் தங்கிவிடும் என்று அடுக்கடுக்காகப் பயமுறுத்தல்கள். வெறும் அறியாமை என்றால் விட்டுவிடலாம். இந்தப் பொய்ப் பயம், உண்மையில் பயப்பட வேண்டியவற்றை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. என் கோபம் அதன்மேல்தான்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மேக்னட்ரான், ரேடாருக்காக உருவான குழாய். 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அது எழுப்பும் அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை இப்படியும் அப்படியும் திருப்புகின்றன. அந்த அலைக்கழிப்பில் சூடு பிறக்கிறது. எக்ஸ் கதிருக்கும் காமா கதிருக்கும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் வலிமை உண்டு. மரபணு சிதைவது அதனால்தான். நுண்ணலைக்கு அந்த வலிமை கிடையாது. நாம் படிக்கும் வெளிச்சத்தின் ஒரு ஃபோட்டானுக்கு இருக்கும் ஆற்றல், நுண்ணலையின் ஃபோட்டானுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு லட்சம் மடங்கு. விளக்கை அணைத்த அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்குமா? ஓவன் நின்றபின் சோற்றில் அலையும் மிச்சம் இருக்காது.

அலை வெளியே கசியாதா என்பது நியாயமான கேள்வி. அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். கதவிலுள்ள உலோக வலையின் துளையோ ஓரிரு மில்லிமீட்டர். அதன் வழியே பொருட்படுத்தத்தக்க அளவில் எதுவும் வெளியேறாது. கதவைத் திறந்த கணமே மேக்னட்ரான் நின்றுவிடும். கதவு கோணியிருந்தாலோ கொக்கி உடைந்திருந்தாலோ அந்த ஓவனைப் பயன்படுத்தாதீர்கள். இந்த எச்சரிக்கை வேண்டியதுதான்.

பயமுறுத்துவோர் ஆதாரம் என்று நீட்டுபவை இரண்டு. சோவியத் ஒன்றியம் 1976இல் மைக்ரோவேவை அடியோடு தடை செய்தது என்பது ஒன்று. அப்படி ஒரு தடையாணையை யாரும் காட்டியதில்லை. சோவியத் ஆலைகளிலேயே இந்த ஓவன்கள் தயாராயின. மற்றது, சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ஹெர்டல். எட்டே பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையின் அடிப்படையில், மைக்ரோவேவ் உணவு இரத்தத்தையே மாற்றுகிறது என்ற வாதம் 1992இல் அவர் பெயரால் பரவியது. உடன் ஆய்வு செய்த பெர்னார்ட் பிளாங்கே அந்த முடிவுகளிலிருந்து விலகிக்கொண்டார். ஓவன் விற்பவர்களின் சங்கம் நீதிமன்றம் போய் ஹெர்டலின் வாயை அடைத்தது. 1998இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்தத் தடை கருத்துரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. ஆனால் அது அவருக்குப் பேசும் உரிமையைத்தான் தந்தது. பேசியது உண்மை என்று சான்றிதழ் தரவில்லை. வாயை அடைக்கப் பார்த்த வியாபாரிகள்தான் அந்த வதந்திக்கு இத்தனை ஆயுளைக் கொடுத்தார்கள் என்பேன்.

சத்து அழிகிறது என்பதையும் பார்ப்போம். வைட்டமின் சி, வெப்பத்தில் கொஞ்சம் அழியும், தண்ணீரில் கரைந்து நிறையப் போகும். எந்த அடுப்பிலும் இதுதான் நடக்கும். குறைந்த தண்ணீரில், குறைந்த நேரத்தில் வேகவைத்தால் சத்து அதிகம் மிஞ்சும். மைக்ரோவேவில் அதற்கு வாய்ப்பு கூடுதல். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டுகிறோம். வடித்த கஞ்சியோடு தயமினைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். அதைக் கண்டித்து ஒரு வாட்ஸ்அப் செய்தியும் வருவதில்லை.

உண்மையான ஆபத்துகள் வேறு. பார்சல் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவை அப்படியே உள்ளே வைக்கிறார்கள். எண்ணெயும் சூடும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலுள்ள வேதிப்பொருள்கள் உணவுக்குள் இறங்கும். அலைகள் சில சென்டிமீட்டர் ஆழமே போகும் என்பதால் உணவு சீராகச் சூடாவதில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கோழி பிரியாணியின் ஓரம் கொதிக்கும்போது நடு சில்லென்று இருக்கும். அங்கே கிருமிகள் சாகாது. நடுவில் கிளறி, இரண்டு நிமிடம் மூடி வைத்து, உள்ளே வரை 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற்றவேண்டும். குழந்தையின் பால் புட்டியை உள்ளே வைக்கவே கூடாது. வெதுவெதுப்பான பாலுக்கு நடுவே வாயைச் சுடும் கொதி இருக்கும். ஓட்டோடு முட்டை வைத்தால் வெடிக்கும். வழவழப்பான கோப்பையில் நெடுநேரம் சூடாக்கிய வெறும் தண்ணீர், கொதிக்காததுபோல் இருந்து, தொட்டதும் பொங்கித் தெறிக்கும்.

புற்றுநோய் என்று பேச்செடுத்தால் அதையும் முழுதாகப் பேசுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை 'ஒருவேளை புற்றுநோய் தரக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. செல்பேசி ஆய்வுகளை முதன்மையாக வைத்து, உடல்மேல் நேரே படும் அலைகளைப் பற்றி எடுத்த முடிவு அது. ஓவனில் சூடாக்கிய உணவைப் பற்றியதல்ல. அதே முகமை 2010இல் வெளியிட்ட தொகுப்பில், வீட்டு விறகடுப்புப் புகையும், அதிக வெப்பத்தில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியும் அதைவிட வலுவான பட்டியலில், 'அநேகமாகப் புற்றுநோய் தருபவை' என்று, இடம்பெற்றன. விறகு, சாணம், நிலக்கரி, மண்ணெண்ணெய் எரியும் வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அடுப்படியில் ஆயுள் முழுக்க இருமிய நம் பெண்களுக்காக எந்த யூடியூப் மருத்துவர் குரல் உயர்த்தினார்? தனியே வாழும் முதியவர் இரவில் அடுப்பைப் பற்றவைக்காமல் ரசம் சூடாக்கிக்கொள்வதைத்தான் இவர்கள் தடுக்கிறார்கள்.

சூடு பட்ட பிளாஸ்டிக்குக்கும் நாம் அஞ்சுவதில்லை. மெல்லிய பாலிதீன் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இன்றும் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை அதில்தான் கட்டித் தருகிறார்கள். நாமும் வாங்கி வருகிறோம். அடுத்த முறை ஓட்டலுக்குப் போகும்போது ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் சூடு பண்ணும் முன் கண்ணாடிக் கிண்ணத்திலோ பீங்கானிலோ மாற்றிக்கொள்ளுங்கள்.