மலையில் விட்ட பொட்டலம்



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து, தலைக்கு 15 வெள்ளி போட்டு ஒரு பஸ் பிடித்து, கோல குபு பாரு போய் வந்தோம். சோறு, கோழிப் பிரட்டல், நெத்திலிச் சம்பால் எல்லாம் விடியற்காலையிலேயே கட்டியாகிவிட்டது. நம்மவர்கள் பயணம் போனால் சாப்பாட்டுக்குக் குறை வைப்பார்களா!

பிரேசர் மலைக்கு ஏறும் பாதையில் சிலாங்கூர் அணையின் ஏரி இருக்கிறது. 110 மீட்டர் உயர அணையைக் கட்டி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றை மறித்ததால் உண்டான ஏரி அது. அதற்காகத் தெமுவான் பூர்வகுடியினர் தங்கள் கம்பத்தை விட்டு வேறு இடம் போனார்கள். தோட்டம் கைமாறி வீட்டைக் காலி செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வலியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏரியைப் பார்த்ததும் பஸ்ஸில் பேச்சே நின்றுவிட்டது. பச்சைத் தண்ணீர், சுற்றிலும் காடு, மலை இடுக்கில் மேகம். செம்பனையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது விருந்துதான். ஆனால் இறங்கிப் பார்த்தால் பாதையோரச் சரிவெல்லாம் போலிஸ்டிரின் டப்பா, தண்ணீர் பாட்டில், பிள்ளைகளுக்குக் கட்டும் பெம்பர்ஸ். பட்டணத்துக்காரர்கள் போட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தமிழ் எழுத்து அச்சிட்ட முறுக்குப் பை ஒன்றும் அங்கே கிடந்தது.

பிறகு அணைக்குக் கீழே ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மிச்சச் சோற்றையும் எலும்பையும் பையில் கட்டி, நிரம்பி வழிந்த குப்பைத் தொட்டியின் அடியில் வைத்துவிட்டு நடந்தது நான்தான். யாராவது எடுப்பார்கள் என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் பின்னாலேயே வந்தான்.

"சார், இந்த ஆறு எங்கே போகுது?"

"நம்ம பக்கம்தான்டா. பெஸ்தாரி ஜெயா, கம்போங் குவாந்தான், அப்புறம் கோல சிலாங்கூர், கடல்."

"அப்போ மழை பெஞ்சா நம்ம பொட்டலம் நமக்கு முன்னாடி ஊருக்குப் போயிடுமா சார்?"

பாடத்தில் ஆற்றைப் பற்றி நான் நடத்தியது ஒரு நாளும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

அவன் கேட்டது விளையாட்டல்ல. குரங்கு கிழித்த பையைத் தேடி எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள கீறல் வழியாக ஏறினால் எலிக்காய்ச்சல். 2010-இல் பகாங்கின் லூபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேடித் தண்ணீரில் இறங்கியவர்களில் சிலர் நோய் கண்டு இறந்தார்கள். எலிக்காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் இருக்கும் மெலியோய்டோசிஸ் என்ற கிருமி நோயும் அவர்களிடம் காணப்பட்டன. நம் பிள்ளைகள் செருப்பில்லாமல் இறங்குவது இப்படிப்பட்ட தண்ணீரில்தானே?

குடிநீரும் இந்த ஆற்றிலிருந்துதான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் ரசாயனக் கழிவு கலந்து, சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் தண்ணீர் நின்றது. வாளி தூக்கி வரிசையில் நின்றவர்களுக்கு அது மறக்காது. அது தொழிற்சாலைக் கழிவு, நாம் போடுவது சோற்றுப் பொட்டலம், உண்மைதான். ஆறு என்னவோ ஒன்றுதான்.

கம்போங் குவாந்தானில் ராத்திரி சம்பானில் போய், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றின் புழுக்கள் கரைச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்பவை. அந்தச் சேற்றில்தான் நம் பைகளும் போய்ப் படிகின்றன.

நான் திரும்பிப் போய்ப் பொட்டலத்தை எடுத்தேன். பையன்கள் பக்கத்தில் கிடந்தவற்றையும் பொறுக்கி இரண்டு சாக்கு நிரப்பினார்கள். பஸ் ஓட்டுநர் முகத்தைச் சுளித்தார். "என் காடி நாறும் சார்" என்றார். கடைசி இருக்கைக்குப் பின்னால் பழைய தாளை விரித்து வைத்தோம். வழியெல்லாம் சம்பால் வாசனையோடு அந்த வாசனையும் வந்தது. எங்கள் தோட்டத்துக்குள் குப்பை லாரி வருவதில்லை. அதனால் மறுநாள் காலை சாக்குகளை என் மோட்டார் சைக்கிளில் கட்டி, பட்டணத்துக் குப்பைத் தொட்டிவரை கொண்டுபோனேன்.