பற்றரியை மாத்த முதல் ஒருக்கால் உள்ளே பாருங்கோ

 

போன கிழமை பாடசாலை விடுகிற நேரம் ஒரு தகப்பன் எங்களைத் தேடி வந்தார். கையில் மகனின் கேமிங் லப்டொப். லண்டனில் இருக்கிற மாமா, "பிள்ளை உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கிறான், நல்லதாக வாங்கி அனுப்புவோம்" என்று அனுப்பியது. முழு சார்ஜ் ஏற்றினாலும் இரண்டு மணித்தியாலம் நிற்பதில்லை. திருத்துகிற இடத்தில் காட்டியிருக்கிறார். கழற்றியும் பார்க்காமல் "பற்றரி முடிஞ்சுது, மாத்த வேணும், கொழும்பில இருந்துதான் வரும்" என்று விலையும் சொல்லிவிட்டார்கள். சீட்டுக்காசு எடுத்து வைத்திருக்கிறாராம். "மாத்தட்டோ சேர்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

ஒரு நாள் பொறுக்கச் சொன்னோம்.

விண்டோஸ் தானாகவே ஒரு பற்றரி அறிக்கை எழுதித் தரும். அதற்கான கட்டளையை எப்படி அடிப்பது என்று தேவையானவர்களுக்கு இன்பொக்சில் அனுப்புகிறோம். அந்த அறிக்கையில் இரண்டு எண்களைத்தான் பார்க்க வேண்டும்: பற்றரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது. அந்தப் பிள்ளையின் பற்றரி 60 வாற்று மணித்தியாலம் கொள்ளுவது. இப்போது 52 கொள்கிறது. இதை முடிந்த பற்றரி என்று யாரும் சொல்ல முடியாது. 52 இருந்தும் ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் காலியாகிறது என்றால், சும்மா பிடிஎஃப் வாசிக்கும்போதே மெஷின் 28 வாற்று அளவில் குடிக்கிறது. தரம் 11 விஞ்ஞானப் புத்தகக் கணக்குத்தான் இது, வேறொன்றுமில்லை.

யார் குடிக்கிறது?

கேமிங் லப்டொப் அநேகமானவற்றில் கிராபிக்ஸ் வேலைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். புரொசெசருக்குள்ளேயே இருக்கிற சின்னவர் ஒருவர், தனியாகப் பூட்டியிருக்கிற பெரியவர் ஒருவர். என்விடியா நிறுவனம் 2010இல் ஒப்டிமஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எழுத, வாசிக்க, படம் பார்க்கச் சின்னவர் போதும். விளையாட்டு, வீடியோ எடிட்டிங் என்று வந்தால் மட்டும் பெரியவர் எழும்புவார், வேலை முடிந்ததும் படுத்துவிடுவார். யோசனை நல்லது. ஆனால் பின்னணியில் ஏதாவது ஒரு புரோகிராம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவர் படுக்க மாட்டார். கடைக்குப் பாண் வாங்க நாங்கள் சைக்கிளில் போகிறோம், ஆனால் முந்தி சீமெந்துத் தொழிற்சாலைக்கு வந்துபோன லொறி ஒன்று வீட்டு வாசலில் எஞ்சின் நிறுத்தாமல் நிற்கிறது. டீசல் யாருடையது?

என்விடியா கொன்ட்ரோல் பனலில் டெஸ்க்டொப் என்ற மெனுவுக்குள், ஜீபியூ செயற்பாட்டைக் காட்டும் சின்னத்தைக் கீழே மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுச் சின்னத்தை அமத்தினால், பெரியவரை எழுப்பி வைத்திருப்பவர்களின் பெயர்ப்பட்டியல் வரும். அந்தப் பிள்ளையின் பட்டியலில் மூன்று பேர். அசைகிற வோல்பேப்பர். கீபோர்டுக்குக் கலர் லைற் போடுகிற புரோகிராம். கேம் விளையாடினால் கடைசி சில நிமிடங்களைப் பதிந்து வைப்பதற்காக எப்போதும் காத்திருக்கிற ரெக்கோடர். பிள்ளை படிக்கிற நேரம் ஒரு கேமும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வோல்பேப்பரை எடுத்தோம். ரெக்கோடரை நிறுத்தினோம். லைற் புரோகிராம் மெஷின் ஒன் ஆகும்போதே தொடங்காதபடி செய்தோம். பிறகு செற்றிங்சில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் பிரவுசருக்கு 'பவர் சேவிங்' கொடுத்தோம். அதற்குப் பிறகு அது சின்னவரிடம்தான் போகும். கேமுக்கு 'ஹை பெர்போமன்ஸ்' அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம், அவன் முகம் வாடிப்போகக் கூடாதே. திரையை 144 ஹேர்ட்சில் இருந்து 60க்கு இறக்கினோம். அடுத்த நாள் அதே பற்றரி நாலரை மணித்தியாலம் நின்றது.

இங்கே எங்களுக்கும் ஒரு குட்டு உண்டு. வகுப்பில் புரொஜெக்டரில் பாடம் காட்டும்போது எங்கள் லப்டொப்பும் ஓடி இறங்கும். நாங்களும் பற்றரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். பல கேமிங் லப்டொப்களில் எச்டிஎம்ஐ வாய் பெரியவரோடுதான் நேராக இணைக்கப்பட்டிருக்கும். வயரைச் செருகினால் போதும், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவர் முழித்தபடிதான் இருப்பார். இது தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டினோம். ஐசிடி படிப்பிக்கிற ஆட்கள்!

யூடியூப்பில் சிலர், "டிவைஸ் மனேஜருக்குப் போய் கிராபிக்ஸ் காட்டை டிசேபிள் பண்ணுங்கோ" என்கிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதேங்கோ. அந்தக் காட்டைத் தூங்க வைப்பதும் அதன் டிரைவரின் வேலைதான். டிரைவரை வெளியே தள்ளிவிட்டால், சில மாடல்களில் தூங்க வைக்க ஆளில்லாமல் அது கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். அசுஸ், லெனோவோ மெஷின்கள் பலவற்றில் கம்பனியின் புரோகிராமுக்குள்ளேயே சின்னவரை மட்டும் பாவிக்கிற தெரிவு உண்டு, அதைப் போடுங்கோ. இன்னொன்று, கேமுக்காகப் பெரியவர் மட்டும் என்று மாத்திவிட்டு, மறுபடி ஹைபிரிட்டுக்குத் திருப்ப மறக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம் என்று சிலர் கேட்கலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்தார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது. நுரைச்சோலை நின்றதால் அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார்கள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டுகிற பற்றரியும் தாண்டாத பற்றரியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒன்றல்ல.

பற்றரியே மாத்தத் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கொள்ளளவு பாதிக்குக் கீழே போயிருந்தால், அல்லது பற்றரி ஊதியிருந்தால் மாத்தத்தான் வேண்டும், ஊதியதை ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது. ஆனால் அறிக்கையைப் பார்க்காமல் விலை சொல்கிற இடத்தில் காசைக் கொடுக்காதேங்கோ. "எத்தனை கொள்ளுது என்று காட்டுங்கோ" என்று கேளுங்கோ. வெளிநாட்டில் இருக்கிற மாமாமாருக்கும் ஒரு வேண்டுகோள்: அனுப்புகிற பெட்டிக்குள் மெஷினோடு ஒரு மணித்தியாலப் பொறுமையையும் போட்டு அனுப்புங்கோ, வீடியோ கோலில் இதைச் சரிபண்ணிக் கொடுக்கலாம்.

எங்கள் ஆசிரியர் கூட்டத்துக்கும் ஒன்று. உயர்தர ஐசிடியில் பணிசெயல் முறைமைப் பாடத்தில், ஒரு புரோசஸ் எந்தெந்த நிலைகளில் இருக்கும் என்று பிள்ளைகள் படம் கீறி மனப்பாடம் செய்கிறார்கள். புள்ளியும் எடுக்கிறார்கள். சொந்த மெஷினில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, இப்போது எது ஓடுகிறது என்று பார்த்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இரண்டே பேர். கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டோம்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பதரையில் இருந்து லுஹர் வரை இன்ஷா அல்லாஹ் கணினி அறையில் இருப்போம். கொண்டுவந்தால் சேர்ந்து பார்க்கலாம், காசு ஒன்றும் வேண்டாம். சார்ஜரையும் மறக்காமல் கொண்டு வாங்கோ.

அந்தச் சீட்டுக்காசு இப்போதும் தகப்பனிடம்தான் இருக்கிறது. மகன் ரம் கூட்ட வேணும் என்று கேட்கிறானாம்.