500 கிலோமீட்டரைத் தாண்டினா டிக்கெட் 12,000 ரூபாய்னு வெச்சாங்களே: அதுக்குப் பேரு உச்சவரம்பா?



போன வாரம் நம்ம கிளைக் கூட்டம் முடிஞ்சு நாற்காலி அடுக்கிட்டு இருந்தப்போ ஒரு அக்கா வந்து கேட்டாங்க. "தம்பி, நீ இன்ஜினியரிங் படிச்ச பிள்ளைதானே, பொங்கலுக்கு ஊருக்குப் போக கம்மி விலையில பிளைட் டிக்கெட் பார்த்துக் குடேன். பிள்ளைங்க ரெண்டும் இதுவரைக்கும் ஏறினதே இல்ல." அக்கா தி.நகர் ஜவுளிக்கடை ஒண்ணுல பில் போடுறாங்க. வீட்டுக்காரர் மந்தைவெளியில ஆட்டோ ஓட்டுறார். ஊர் திருச்செந்தூர் பக்கம். ஆக, நாலு டிக்கெட், சென்னை - தூத்துக்குடி, போக வர.

ஒரு மணி நேரம் போனை வெச்சுக்கிட்டு உக்காந்தேன். அப்போ கத்துக்கிட்டதை உங்களுக்கும் சொல்லிடறேன். மே லீவுக்குக் குடும்பத்தோட எங்கயாவது போகலாம்னு இருக்கிறவங்களுக்கு இது கண்டிப்பா உதவும். அக்காவுக்கு உதவிச்சான்னு கடைசியில பார்ப்போம்.

முதல்ல ஒரு புரளியை முடிச்சிடுவோம். "ரகசிய விண்டோவுல தேடுனா விலை குறையும்", "செவ்வாய்க்கிழமை ராத்திரி 12 மணிக்கு புக் பண்ணா பாதி விலை" இதெல்லாம் வாட்ஸ்அப் கதை. விலை ஏறுறது நீங்க தேடினதால இல்ல, சீட்டு வித்துப் போறதால. ஒரு விமானத்துல 180 சீட்டு இருக்குன்னா, 180-க்கும் ஒரே விலை கிடையாது. அதைப் பல அடுக்கா பிரிச்சு வெச்சிருப்பாங்க. அடி அடுக்குல கொஞ்சம் சீட்டு கம்மி விலை, அது தீர்ந்தா அடுத்த அடுக்கு, அப்புறம் அதுக்கு மேல. எந்த அடுக்குல எத்தனை சீட்டு திறந்து வைக்கணும்னு முடிவு பண்றது ஒரு மென்பொருள். போன பொங்கலுக்கு எத்தனை பேர் கடைசி நேரத்துல எவ்வளவு கொடுத்தாங்கங்கிற கணக்கெல்லாம் அதுகிட்ட இருக்கு.

இங்கதான் குடும்பமா போறவங்க ஏமாறுற இடம். கம்மி விலை அடுக்குல மூணு சீட்டுதான் மிச்சம்னு வெச்சுக்கோங்க. நீங்க நாலு பேருக்குத் தேடினா, "மூணு பேருக்கு இந்த விலை, ஒருத்தருக்கு அந்த விலை"ன்னு காட்டாது. நாலு பேருக்கும் மேல் அடுக்கு விலையையே போட்டுடும். அதனால முதல்ல ஒரே ஒருத்தருக்குத் தேடுங்க. அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு, நாலுன்னு ஏத்திப் பாருங்க. எந்த எண்ணிக்கையில விலை குதிக்குதோ, அங்க பிரிச்சு ரெண்டு புக்கிங்கா போடுங்க.

ஆனா பிரிக்கும்போது ஒரு விஷயம். பிள்ளைங்க இருக்கிற ஒவ்வொரு புக்கிங்லயும் ஒரு பெரியவங்க இருக்கணும். அப்பாவோட ஒண்ணு, அம்மாவோட ஒண்ணுன்னு பிரிச்சா நல்லது. 12 வயசு வரைக்குமான பிள்ளைங்களுக்கு, ஒரே புக்கிங்ல இருக்கிற அம்மா, அப்பா யாராவது ஒருத்தர் பக்கத்துல சீட்டு கொடுத்தே ஆகணும்னு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2024 ஏப்ரல்லயே சொல்லிடுச்சு. அதனால "குழந்தை தனியா உக்காரணுமே"ன்னு பயந்து நாலு சீட்டுக்கும் தனியா காசு கட்டத் தேவையில்ல.

ரெண்டு வயசு தாண்டின பிள்ளைக்கு உள்நாட்டு விமானத்துல முழு டிக்கெட்தான். ரயில் மாதிரி அரை டிக்கெட்னு நெனச்சு பட்ஜெட் போடாதீங்க. "கன்வீனியன்ஸ் ஃபீ"ங்கிறது பல தளங்கள்ல ஆளுக்கு, ஒவ்வொரு பயணத்துக்கும் சேரும். நாலு பேர் போக வர எட்டு தடவை. கடைசிப் பக்கம் வரைக்கும் போய் மொத்தத் தொகையைப் பார்த்துட்டுத்தான் எந்தத் தளம் மலிவுன்னு முடிவு பண்ணணும். டிக்கெட் போட்டுட்டு மனசு மாறிடுச்சா? பயணத்துக்கு ஏழு நாளோ அதுக்கு மேலயோ இருந்தா, 48 மணி நேரத்துக்குள்ள கட்டணம் இல்லாம ரத்து பண்ணலாம். 2025-ல இது 24 மணி நேரமா இருந்தது, 48 மணி நேரம் ஆக்குறதுக்கு 2025 நவம்பர்ல வரைவு விட்டாங்க. அதுக்கப்புறம் ரத்து பண்ணி, "நான் ரீஃபண்டபிள்"னு சொல்லிட்டாலும், விமான நிலையக் கட்டணமும் வரியும் உங்க காசு, திருப்பிக் கொடுத்தே ஆகணும். முக்கால்வாசிப் பேர் கேக்குறதே இல்ல. தரலைன்னா ஏர்சேவா தளத்துல புகார் போடுங்க.

அடுத்தது, எந்த ஊர் விமான நிலையம்? தூத்துக்குடிக்குப் பறக்குற விமானம் கம்மி. மதுரைக்கு அதிகம், போட்டியும் அதிகம். மதுரையில இறங்கி நாலு வழிச் சாலையில பஸ் பிடிச்சா மூணு மணி நேரத்துக்குள்ள தூத்துக்குடி. நாகர்கோவில்காரங்க திருவனந்தபுரத்தையும் சேர்த்துப் பாருங்க. சென்னையில விமான நிலையத்துக்குக் கார் எடுத்து 600, 700 கொடுக்குறதும் டிக்கெட் செலவுதான். தி.நகர்னா மாம்பலத்துல எலக்ட்ரிக் டிரெயின் ஏறுனா திரிசூலம், எதிர்லயே விமான நிலையம். மயிலாப்பூர், அடையாறுக்காரங்களுக்கு நந்தனமோ சின்னமலையோ போய் மெட்ரோ. உள்ள போன பிறகு பசிச்சா, உள்நாட்டு முனையத்துல உடான் யாத்ரி கஃபேன்னு ஒண்ணு இருக்கு, டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். மத்த கடையில விலை கேட்டா பசியே போயிடும். அடையாறுல புளிக்காய்ச்சல் பாட்டில் வாங்கிட்டுப் போறவங்க அதைக் கைப்பையில வைக்காதீங்க, சோதனையில எடுத்துடுவாங்க. பெரிய பெட்டியில போடுங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு. கூட்டத்துக்கு எதிர்த் திசையில பறக்குறது. பொங்கலுக்கு முன்னாடி சென்னையிலிருந்து தெற்கே போற விமானத்துல விலை கொதிக்கும். அதே விமானம் திரும்பி வரும்போது காலி சீட்டோட வரும், விலையும் இறங்கியிருக்கும். பண்டிகை முடிஞ்சா அப்படியே தலைகீழ். அப்போ என்ன பண்ணலாம்? நாம நாலு பேர் ஊருக்குப் போறதுக்குப் பதிலா, தாத்தா பாட்டியை இங்க வரவழைக்கலாம். நாலு டிக்கெட் ரெண்டாகும், அதுவும் மலிவான திசையில.

இதை அக்காகிட்ட பெருமையா சொன்னேன். சிரிச்சாங்க.

"பொங்கல்னா வாசல்ல பானை வைக்கணும் தம்பி. மூணாவது மாடியில எந்த வாசல்ல வைக்கிறது?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

சரி, "முன்னாடியே புக் பண்ணுங்க"ங்கிற பொன்மொழி? எல்லா யூடியூப் வீடியோவும் அதைத்தான் சொல்லுது, அது உண்மையும்கூட. ஆனா முன்னாடியே யாரால புக் பண்ண முடியும்? லீவு உறுதியா தெரிஞ்சவங்களால. தி.நகர் கடையில வேலை பார்க்குறவங்களுக்குப் போகி அன்னைக்கு ராத்திரி வரைக்கும் வியாபாரம். யாருக்கு எத்தனை நாள் லீவுன்னு மேலாளர் சொல்றதே கடைசி வாரத்துல. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடி திறக்குது. ஜனவரி 14-க்கான ரயில் டிக்கெட் நவம்பர் நடுவுலயே விற்பனைக்கு வந்து அப்பவே தீர்ந்தும் போச்சு. அப்போ அக்காவுக்குத் தீபாவளிக் களைப்பே தீரல. தேதியை மாத்திக்க வசதி இருக்கிறவன் கம்மியா கொடுக்குறான். முடியாதவன்தான் அதிகமா கொடுக்குறான். அந்த மென்பொருள் பணக்காரனைத் தேடிப் பிடிச்சு வசூலிக்கல, வேற வழியில்லாதவனைத் தேடிப் பிடிக்குது. பள்ளிக்கூட லீவு, பண்டிகை, வீட்டுல ஒரு சாவு, எதுவா இருந்தாலும் சரி.

இப்போ அரசியலுக்கு வர்றேன்.

2025 டிசம்பர் முதல் வாரத்துல என்ன நடந்துச்சுன்னு பார்த்தீங்க. விமானிகளோட ஓய்வு நேர விதி மாறும்னு முன்கூட்டியே தெரிஞ்சும் இண்டிகோ போதுமான ஏற்பாடு செய்யல. ஆயிரக்கணக்கான விமானம் ரத்து. உள்நாட்டுல பறக்குற பத்து பேர்ல ஆறு பேருக்கு மேல அந்த ஒரே நிறுவனத்துலதான் பறக்குறாங்க. அது படுத்தா நாடே படுக்குது. மத்த விமானங்கள்ல விலை எகிறிச்சு. டிசம்பர் 6-ஆம் தேதி ஒன்றிய அரசு உச்சவரம்பு போட்டது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதுக்கு மேல 18,000. வரியும் விமான நிலையக் கட்டணமும் தனி.

கேக்க நல்லா இருக்கா? அக்கா கணக்கைப் போட்டுப் பாருங்க. சென்னை - தூத்துக்குடி வான்வழித் தூரம் 500 கிலோமீட்டரை லேசா தாண்டுது. அதனால ரெண்டாவது வரிசை. ஆளுக்கு 12,000, நாலு பேர், போக வர: 96,000 ரூபாய். வரி தனி. மதுரைக்குப் போனா 60,000. அந்த உச்சவரம்பு இருந்தப்போ இந்தத் தொகை வரைக்கும் நிறுவனம் கேக்கலாம்னு இருந்தது, சட்டப்படி அது "கட்டுப்பாட்டுக்குள்ள" இருந்த விலை. ஆட்டோ ஓட்டுறவர் குடும்பத்துக்கு இது என்ன பாதுகாப்பு? கொள்ளைக்கு ரசீது போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கு.

அதையும் நிரந்தரமா செய்ய முடியாதாம். டிசம்பர் 12 அன்னைக்கு மக்களவையில விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு, வருஷம் முழுக்க உச்சவரம்பு வைக்கிறது சாத்தியமில்லைன்னு சொல்லிட்டார். கட்டுப்பாடு இல்லாத சந்தைதான் கடைசியில பயணிகளுக்கு நல்லதுங்கிறது அவர் வாதம்.

அதுல ஒரு நியாயம் இருக்குன்னு ஒத்துக்கறேன். சந்தை திறந்ததாலதான் நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைங்க விமானம் ஏறினோம். எல்லா நாளும் ஒரே விலைன்னு வெச்சா அடி அடுக்கு மலிவு சீட்டும் காணாமப் போயிடும். ஆனா நாம கேக்குறது அது இல்லையே. பொங்கல், தீபாவளி, மே லீவு நாட்கள்ல மட்டும், மக்கள் தாங்குற அளவுக்கு ஒரு உச்சவரம்பு. 2020 மே 25-லிருந்து 2022 ஆகஸ்ட் 31 வரைக்கும் இதே அரசுதான் கட்டண வரம்பு வெச்சிருந்தது. ரெண்டு வருஷத்துக்கு மேல. அப்போ முடிஞ்சது ஒரு பத்து நாள் பொங்கலுக்கு முடியாதா?

சட்டமும் இருக்கு. 1937 விமான விதிகள்ல 135-ஆவது விதி, நியாயமான லாபம் உட்பட எல்லாத்தையும் கணக்குல எடுத்துத்தான் கட்டணம் வைக்கணும்னு சொல்லுது. அளவுக்கு மீறி வாங்கினா தலையிட டிஜிசிஏவுக்கு அதிகாரமும் கொடுக்குது. அதை எடுத்துப் பயன்படுத்த மனசுதான் வேணும்.

இன்னொரு வேடிக்கை. ஒன்றிய அரசோட சொந்த நிறுவனமான அலையன்ஸ் ஏர், "ஃபேர் சே ஃபுர்சத்"னு ஒரு திட்டத்தை 2025 அக்டோபர் 13-ல இதே அமைச்சரை வெச்சுத்தான் தொடங்கினது. எப்போ புக் பண்ணாலும் ஒரே விலை. பயண நாள் அன்னைக்கே எடுத்தாலும் அதே விலை. சில வழித்தடங்கள்ல மட்டும், டிசம்பர் 31 வரைக்கும், சோதனை முயற்சியா. நல்ல திட்டம், மனசாரப் பாராட்டறேன். ஆனா பொங்கலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அதை முடிக்கிறது என்ன கணக்கு? தூத்துக்குடியில 450 கோடிக்கு மேல செலவு பண்ணி புது முனையம் கட்டி, 2025 ஜூலையில பிரதமரே வந்து திறந்து வெச்சார். கட்டடம் பிரமாதம். அந்த ஊர்க்காரங்க உள்ள நுழைய ஒரு நிலையான விலை வேண்டாமா?

நம்ம மாநில அரசுகிட்டயும் கேக்க ஒண்ணு இருக்கு, மறைக்க வேண்டாம். விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள்ள வரல, மாநில வாட் வரிதான். தமிழ்நாட்டுல அது 29 சதவீதம். வரியைக் குறைச்சு, அதுக்குப் பதிலா பண்டிகை நாட்கள்ல தென் மாவட்டங்களுக்குக் கூடுதல் விமானம், நிலையான விலைன்னு நிறுவனங்கள்கிட்ட எழுதி வாங்கலாம். சும்மா குறைச்சா அது அவங்க லாபத்துலதான் போய்ச் சேரும்.

அக்கா இந்தப் பொங்கலுக்கு பஸ்லதான் போறாங்க. மே மாசத்துக்குத் திட்டம் போட்டிருக்கோம்: போறது ரயில், வர்றது மதுரையிலிருந்து விமானம், செவ்வாய் இல்ல புதன்கிழமை, ஒரு வழி மட்டும், ரெண்டு புக்கிங்கா பிரிச்சு. கூகுள் ஃப்ளைட்ஸ்ல விலை இறங்கினா தகவல் வர்ற மாதிரி என் போன்ல போட்டு வெச்சிருக்கேன். சின்னவன் ஜன்னல் சீட்டு வேணும்னு இப்பவே அண்ணன்கிட்ட சண்டை போடுறானாம்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஜனவரி 9-லிருந்து 19 வரைக்கும் சென்னையிலிருந்து உங்க ஊருக்கு டிக்கெட் தேடும்போது வர்ற விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி, நேரத்தோட கீழ போடுங்க. பேர், போன் நம்பர் தெரியாம மறைச்சுடுங்க. தொகுத்து, மனுவோட டிஜிசிஏவுக்கு அனுப்பப் போறோம். நம்ம நாடாளுமன்ற உறுப்பினர்கள்கிட்டயும் பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன்னாடி கொடுக்குறோம்.

#பொங்கல்கட்டணக்கொள்ளை

- தகவல் தொழில்நுட்ப அணி, தென் சென்னை