கைநாட்டு கையெழுத்தான கதை



இருட்டோடு எழுந்து, பால்மரம் வெட்டி, வீட்டு வேலையும் பார்ப்பவர்கள் நீங்கள். அப்படி உழைத்த பணம் யார் பெயரில் சேருகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

இந்தியாவில், குஜராத் மாநிலத்து அகமதாபாத் நகரில், ஏழைப் பெண்கள் சிலர் இதை எண்ணிப் பார்த்தார்கள். அவர்கள் கதையைக் கேளுங்கள்.

மூட்டை சுமப்பவர்கள், தெருவில் காய்கறி விற்பவர்கள், பழந்துணி வியாபாரம் செய்பவர்கள் அவர்கள். காலையில் வட்டிக்கு வாங்கிச் சரக்கு எடுப்பார்கள். மாலையில் லாபத்தின் பெரும்பகுதி வட்டிக்காரரிடமே போய்விடும். 1972இல் இலா பட் என்ற பெண் வழக்கறிஞர் இவர்களை ஒன்றுதிரட்டி ‘சேவா’ என்னும் தொழிற்சங்கத்தை அமைத்தார். முதலாளியே இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் மறுத்தார்கள். சங்கம் என்பது முதலாளியை எதிர்க்க மட்டுமல்ல, தொழிலாளர் ஒன்றுபடவும்தான் என்று வாதாடிப் பதிவு பெற்றார் அவர்.

அடுத்த தொல்லை பேங்கில். கந்தல் சேலையும் கைக்குழந்தையுமாக வந்து, கைநாட்டு வைக்கும் பெண்களை அங்கே யார் மதிப்பார்கள்? நமக்கென்று ஒரு பேங்கு ஏன் கூடாது என்று அந்தப் பெண்களே கேட்டார்கள். நாம் ஏழைகள்தாம், ஆனால் எத்தனை பேர் இருக்கிறோம் என்று துணிந்தார்கள். ஆளுக்கு 10 ரூபாய் வீதம் 4,000 பெண்கள் பணம் போட்டார்கள்.

எழுத்தறியாதவர்கள் பேங்கு நடத்துவதா என்று மீண்டும் தடை வந்தது. பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிய பெண்களை இலா பட் தம் வீட்டில் உட்கார வைத்து, விடிய விடிய எழுதப் பழக்கினார். மறுநாள் அவர்கள் கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டார்கள். 1974இல் பேங்கு பிறந்தது. சேமிப்பும் அவள் பெயரில், கடனும் அவள் பெயரில்.

இலா பட் 2022இல் மறைந்தார். அந்தப் பேங்கு இன்றும் நடக்கிறது. சங்கத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

சகோதரிகளே, அந்தப் பெண்கள் ஓர் இரவில் கற்றது பெரிய படிப்பல்ல. தங்கள் பெயரை எழுதத்தான் கற்றார்கள். ஆனால் அந்த எழுத்தோடு 10 ரூபாயும் சேர்ந்தபோது வட்டிக்காரரின் பிடி தளர்ந்தது. எழுத்து மட்டும் இருந்தால் வயிறு நிறையாது. பணம் மட்டும் இருந்தால் பிறர் கைக்குப் போய்விடும். இரண்டும் வேண்டும்.

இது வீட்டுக்காரரோடு சண்டை போடும் காரியமல்ல. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு வந்தாலும் குடும்பத்தைத் தாங்கப்போவது அந்தச் சேமிப்புத்தான்.

உங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு இல்லையென்றால், வரும் சம்பளத்தில் 10 வெள்ளியாவது எடுத்து வைத்துத் தொடங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். இன்றிரவு உங்கள் மகளையே பக்கத்தில் உட்கார வைத்து, அவள் நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயரை எழுதிப் பழகுங்கள். அம்மா எழுதுவதைப் பார்க்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடாது.