'சுடடா' எண்டு கத்தினது நாங்கள்தான்

போன லீவுக்கு நாயாறில ஒரு நண்பன் வீட்டு விறாந்தையில, ஒரு லப்டொப்பைச் சுத்தி இருந்து பழைய ஸ்பானியப் படம் ஒண்டு பார்த்தம். 1976இல் நர்சிசோ இபானியேஸ் செராடோர் எடுத்தது. 'ஒரு குழந்தையைக் கொல்ல யாரால் முடியும்?' என்பதுதான் அதன் பெயரின் அர்த்தம். கதை முழுக்க இனி வரும், பார்க்காத ஆக்கள் பார்த்திட்டு வாங்கோ.

டொம், கர்ப்பிணியான அவன் மனைவி ஈவ்லின், இரண்டு பேரும் அல்மன்சோரா என்ற சின்னத் தீவுக்கு விடுமுறைக்குப் போகினம். அங்க பெரியாக்கள் ஒருத்தரும் இல்லை. சிரிச்சுக்கொண்டு திரியிற பிள்ளைகள் மட்டும்தான். பெரியாக்களைக் கொன்றதும் அந்தப் பிள்ளைகள்தான். இருட்டு இல்லை, பேய் இல்லை. நல்ல வெயிலில, வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில எல்லாம் நடக்குது.

எங்களை உலுக்கின காட்சி கொலைக் காட்சி இல்லை. தப்பி ஒளிச்சிருக்கிற ஒரு தகப்பனை அவர்ட மகள் அழுதுகொண்டு வந்து கூப்பிடுவாள். மற்றப் பிள்ளைகள் என்ன செய்தவை எண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் மகளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போவார். பிள்ளை கூப்பிட்டால் போகாத அப்பா யார்?

பிறகு ஜன்னலில ஒரு சின்னப் பொடியன் கைத்துப்பாக்கியோட தெரிவான். டொம் தயங்குவான். அப்ப எங்கட பக்கமிருந்து ஒரு சத்தம்: 'சுடடா!' கத்தினது ஒருத்தன், ஆனால் எல்லாரும் அதைத்தான் நினைச்சம். டொம் சுட்டான். எங்களுக்கு நிம்மதியா இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

படத்தின் முதல் சில நிமிடங்கள் உண்மையான ஆவணக் காட்சிகள். நாஸி முகாம்கள், கொரியா, வியட்நாம், பயாஃப்ரா: போர்களிலும் பஞ்சத்திலும் செத்த பிள்ளைகள். பெரியாக்கள் இவ்வளவு செய்த பிறகு பிள்ளைகள் திருப்பி அடிச்சால் என்ன பிழை எண்டு படம் கேட்குது. கேள்வி நியாயம். ஆனால் அடுத்த ஒன்றரை மணித்தியாலமும், பிள்ளையை ஆபத்தானவனாக் காட்டி, அவனைச் சுடுறதுக்கு எங்களைப் பழக்குது.

இந்தப் பழக்கம் வன்னிக்குப் புதிதில்லை. 2006 ஆகஸ்ட் 14, வள்ளிபுனம் செஞ்சோலை. விமானக் குண்டுவீச்சில் 50க்கும் அதிகமான மாணவிகள் செத்தார்கள். அது புலிகளின் பயிற்சி முகாம் எண்டு அரசு சொன்னது. அவர்கள் பாடசாலைப் பிள்ளைகள் எண்டு யுனிசெஃப் சொன்னது. டொம்முக்கு முகம் பார்த்துத் தயங்க வேண்டியிருந்தது. விமானத்துக்கு அந்தத் தயக்கமும் தேவைப்படவில்லை. 'பயங்கரவாதி' என்ற ஒரு சொல் போதும்.

மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். 2003 முதல் 2008 வரை புலிகள் 6,000க்கும் அதிகமான சிறுவர்களைச் சேர்த்ததாக யுனிசெஃப் பதிவு செய்திருக்கு. எங்கட ஊர்களில பிள்ளைகளை ஒளிச்சு வைச்ச அம்மாக்கள் இருந்தவை. படத்தில பிள்ளைகள் தாங்களாத் துவக்கைத் தூக்குகினம். இங்க பெரியாக்கள்தான் துவக்கைக் கையில குடுத்தவை. பிறகு இன்னொரு பெரியாக்கள் அந்தத் துவக்கையே காரணமாக் காட்டினவை.

2009இல் எங்களில பலருக்கு ஐந்தாறு வயது. 2025இல் செம்மணியில் ஒரு சின்ன எலும்புக்கூட்டோட நீலநிறப் புத்தகப்பை ஒண்டு எடுக்கப்பட்டதைப் பார்த்தபோது, அந்தப் பிள்ளை வளர்ந்திருந்தால் எங்களைவிட மூத்ததா இருந்திருக்கும் எண்டுதான் முதலில நினைச்சம்.

படத்தைப் பாருங்கோ எண்டுதான் சொல்லுவம். கட்டாயம் பார்க்கவேண்டிய படம். முதல் நிமிடங்களைத் தட்டிவிடாமல் பாருங்கோ. அந்த ஜன்னல் காட்சி வரேக்க உங்கட வாயில என்ன சொல் வருது எண்டும் கவனியுங்கோ. 'யாரால் முடியும்?' என்பதற்கு எங்கட விறாந்தையில இருந்தே ஒரு பதில் வந்தது. அதை வெட்கத்தோடதான் எழுதுறம்.