நின்னு போகுமாம்! சரி, அதனால என்ன?

"மேக் மினி நிக்கப்போகுதாம் டா, இப்ப போய் வாங்காத." இந்த செமஸ்டர்ல மட்டும் இதை நாலஞ்சு பேர் வாயில கேட்டாச்சு. யார் சொன்னாங்கன்னு கேட்டா பதில் இல்ல. யாரோ ஒரு யூடியூபர், யாரோ ஒரு சீனியர் அண்ணா, ஏதோ ஒரு வாட்ஸ்அப் குரூப். ஆனா விளைவு மட்டும் நிஜம். வீட்ல கெஞ்சிக் கூத்தாடி ஐம்பதாயிரம் புரட்டின ரெண்டாம் வருஷத் தம்பி ஒருத்தன் அந்தக் காசை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறான். அவன மாதிரி நம்ம காலேஜ்ல இன்னும் பத்துப் பேராவது இருப்பாங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு மாடல் நிக்குமா நிக்காதாங்கிறது வாங்குறவன் கவலைப்பட வேண்டிய விஷயமே இல்ல. கவலைப்பட வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. அதைப் பத்தித்தான் யாரும் பேச மாட்டேங்கிறாங்க.

இந்தத் தடவை வதந்திக்கு ஒரு காரணமாவது இருக்கு. ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரி சிப்பை மொத்தமா அள்ளிட்டுப் போறதால 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கண்ணாபின்னான்னு ஏறிடுச்சு. நம்ம பசங்க பல பேர் லேப்டாப்புக்குள்ள போட்டிருக்கிற 'குருஷியல்' ரேம் ஞாபகம் இருக்கா? அந்த பிராண்டை வச்சிருக்கிற மைக்ரான் கம்பெனி, கடைகள் வழியா நம்ம மாதிரி ஆளுங்களுக்கு விக்கிற வியாபாரத்தையே விட்டுடறோம்னு 2025 டிசம்பர்ல அறிவிச்சிடுச்சு. அதே மாசம் ராஸ்பெர்ரி பையும் விலை ஏறுச்சு. எம்பெடட் ப்ராஜெக்ட் பண்றவங்களைக் கேட்டா அழுதுடுவாங்க. ரேம் விலை ஏறினா முதல்ல அடி வாங்குறது கம்மி விலைக்கு விக்கிற சின்னப் பெட்டிகதான். அதனால "நிறுத்திடுவாங்க"ன்னு ஊகம் கிளம்புறதுல ஆச்சரியம் இல்ல.

ஆனா மேக் மினிக்கு இது பழகிப்போன கதை. 2005 ஜனவரியில ஸ்டீவ் ஜாப்ஸ் அதை 499 டாலருக்கு அறிமுகப்படுத்தினார். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, மவுஸ் கிடையாது. ஆறரை இன்ச் சதுரத்துல ஒரு பெட்டி மட்டும். மத்ததெல்லாம் நீயே கொண்டு வாங்கிறதுதான் கணக்கு. 2007 மே மாசம் "மினி அவ்வளவுதான்"னு ஒரு ஆப்பிள் செய்தித் தளம் எழுதுச்சு. ஆகஸ்ட்ல புது மினி வந்துச்சு. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் சத்தமே இல்ல, மறுபடியும் "செத்துடுச்சு"ன்னாங்க. 2009 மார்ச்ல திரும்ப வந்து நின்னுச்சு. 2014-லிருந்து 2018 வரைக்கும் முழுசா நாலு வருஷம் அதே பழைய பெட்டியையே வித்துக்கிட்டு இருந்தாங்க. அப்ப போகாத உயிர் இனிமே எப்ப போகும்னு கேக்கற அளவுக்கு நிலைமை இருந்துச்சு. டிம் குக்குக்கு ஒரு வாடிக்கையாளர் மெயில் போட்டு, அவர் "மினி எங்களுக்கு முக்கியம்தான்"ங்கிற மாதிரி பதில் போட்டதே 2017-ல ஒரு செய்தியா ஓடுச்சு. கடைசியில 2024 அக்டோபர்ல எம்4 மினி வந்தப்ப அஞ்சு இன்ச்சுக்குச் சுருங்கி, 16 ஜிபி ரேமோட, இந்தியாவுல ₹59,900-க்கு வந்துச்சு. மாணவர்களுக்கு ₹49,900. இருபது வருஷமா செத்துக்கிட்டே இருக்கிற பெட்டி இது. இன்னொரு இருபது வருஷம் இப்படியே செத்துக்கிட்டு இருந்தாலும் இருக்கும்.

இப்ப யாரும் பேசாத கதைக்கு வரேன்.

2018-ல வந்த இன்டெல் மினி இருக்கில்ல, அதோட ஒரு மாடலை ஆப்பிள் 2023 ஜனவரி வரைக்கும் புதுசா வித்துச்சு. எம்1 வந்து ரெண்டு வருஷம் தாண்டியும் பட்டியல்ல இருந்துச்சு. 2022 டிசம்பர்ல ஒருத்தர் அதைக் காசு குடுத்துப் புதுப் பெட்டியா பிரிச்சிருப்பார். 2025 செப்டம்பர்ல அடுத்த மேக் ஓஎஸ், அதாவது 'டாஹோ', வந்துச்சு. அந்தப் பெட்டிக்குக் கிடையாதுன்னுட்டாங்க. மூணு வருஷம்கூட முழுசா ஆகல! செக்யூரிட்டி அப்டேட் கொஞ்ச நாளைக்கு வரும், அவ்வளவுதான். மேக் மினிங்கிற பேர் உயிரோட இருக்கு, கடையில ஜோரா விக்குது. அவர் மேசை மேல இருக்கிற மேக் மினி மட்டும் பாதி வழியில இறக்கி விடப்பட்டிருக்கு.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு. இன்டெல்லோட 'நக்' தெரியுமா? நாலு இன்ச் சதுர போர்டு வச்ச குட்டி கம்ப்யூட்டர். அது உண்மையாவே நின்னுச்சு. வதந்தி இல்ல, 2023 ஜூலையில "இனிமே நாங்க இதுல பணம் போடல"ன்னு இன்டெல்லே சொல்லிடுச்சு. ஒரே வாரத்துல ஆசுஸ் அந்த வரிசையை எடுத்து நடத்த ஒத்துக்கிச்சு. சரி, ஆசுஸ் வராமலே போயிருந்தா? ஏற்கெனவே நக் வாங்கினவங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகியிருக்காது. உள்ள இருக்கிறது லேப்டாப்ல போடற அதே ரேம், எந்தக் கடையிலயும் கிடைக்கிற எம்.2 எஸ்எஸ்டி. விண்டோஸும் போடலாம், உபுண்டுவும் போடலாம். ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு போதும்.

பேர் நின்ன பெட்டி நல்லா ஓடுது. பேர் நிக்காத பெட்டி மாட்டிக்கிச்சு. அப்ப எதைப் பாத்து வாங்கணும்?

இதுக்கு பதில் சங்ககிரிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. லாரி நிக்காத தெருவை இங்க தேடித்தான் பிடிக்கணும். 2017 ஏப்ரல் 1-லிருந்து பிஎஸ்-3 வண்டி எதையும் விக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கா? நாம அப்ப ஸ்கூல் பசங்க. ஒரு மாடல் இல்ல, ஒரு தலைமுறை வண்டியே ஒரே நாள்ல நின்னுச்சு. "ஐயோ நின்னுடுச்சே, பார்ட்ஸ் கிடைக்காதே"ன்னு யாராவது பயந்து ஓடினாங்களா? கடைசி ரெண்டு மூணு நாள் தள்ளுபடி விலையில வண்டி வாங்க நாடு முழுக்க ஷோரூம்ல கூட்டம் முட்டி மோதுச்சு. லாரிக்காரங்களைக் கேட்டுப் பாருங்க, பழைய வண்டின்னா தனிப் பாசம். ஏன்னா அதைப் பிரிக்கத் தெரிஞ்ச பட்டறை பைபாஸ் ஓரத்துலயே இருக்கு. பம்ப் போனா பம்ப் மட்டும் கழட்டி வேலை பாக்கலாம். பாடி போனா நாமக்கல்லயோ திருச்செங்கோட்டுலயோ புது பாடி கட்டிக்கலாம். கம்பெனி அந்த மாடலை மறந்து எத்தனையோ வருஷம் ஆனாலும் வண்டி லோடு ஏத்தும்.

பிஎஸ்-6 வண்டியில அந்தக் கதை கொஞ்சம் மாறுது. சென்சார், ஆட்புளூ, ஸ்கேனர் மாட்டிப் பாத்தாத்தான் என்ன கோளாறுன்னே தெரியும். புகைக்கு அது நல்லதுதான், நான் அதைக் குறை சொல்லல. ஆனா பட்டறை அண்ணன் கையிலிருந்து அதிகாரம் கம்பெனி சர்வீஸ் சென்டர் கைக்குப் போகுது. இதேதான் நம்ம கம்ப்யூட்டர்லயும் நடந்துக்கிட்டு இருக்கு. 2010-லிருந்து 2012 வரைக்கும் வந்த மேக் மினியில அடி மூடியைத் திருகினா ரேமை நாமளே மாத்தலாம். 2014-ல ரேமை போர்டுலயே வச்சு சால்டர் பண்ணிட்டாங்க. 2018-ல திரும்ப ஸ்லாட் குடுத்தாங்க, ஆனா உள்ள போய்ச் சேர்றதுக்குள்ள பாதிப் பெட்டியைப் பிரிக்கணும். எம்1 வந்த பிறகு ரேம் சிப்போடவே சேர்ந்துடுச்சு. வாங்குற அன்னைக்கு எவ்வளவு எடுத்தியோ அதுதான் ஆயுசுக்கும்.

ஆப்பிள் மேல மட்டும் பழி போடறது நியாயம் இல்ல. நம்ம பக்கத்துக் கதையும் இருக்கு. 2005-ல ஹெச்சிஎல் ₹9,990-க்கு ஒரு டெஸ்க்டாப் கொண்டு வந்துச்சு. பத்தாயிரத்துக்குள்ள கம்ப்யூட்டர் வரணும்னு அப்ப மத்திய ஐடி அமைச்சரா இருந்த தயாநிதி மாறன் சொல்லிக்கிட்டே இருந்த காலம் அது. லினக்ஸ் போட்டுத்தான் குடுத்தாங்க. பிறகு 2013 வாக்குல ஹெச்சிஎல் கம்ப்யூட்டர் தயாரிக்கிறதையே விட்டுடுச்சு. ஆனா அந்தப் பெட்டி வாங்கினவங்க தவிச்சுப் போகல. சாதாரண கேபினட், சாதாரண ஹார்டு டிஸ்க், தெருமுனைக் கடைக்காரரே சரி பண்ணிடுவார்.

அதே காலத்துல சென்னையில 'நோவாட்டியம்'னு ஒரு கம்பெனி. சென்னை ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயின் மாதிரி பெரிய ஆளுங்க ஆரம்பிச்சது. 'நோவா நெட்பிசி'ன்னு ஒரு சின்னப் பெட்டி. ஐடியா அருமை: கணக்குப் போடறதெல்லாம் தூரத்துல இருக்கிற சர்வர்ல நடக்கும், வீட்ல இருக்கிற பெட்டி திரையைக் காட்டினா போதும். அதனால விலை கம்மி, வைரஸ் பயம் இல்ல, கேபிள் டிவி மாதிரி மாசக் கட்டணம். இன்னைக்கு கிளவுடுன்னு நாம பரீட்சையில பக்கம் பக்கமா எழுதறதை அவங்க 2000-களிலேயே செஞ்சு பாத்தாங்க. எனக்கு அவங்க மேல மரியாதை உண்டு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த மாதிரிப் பெட்டியில சர்வீஸ் நின்னா என்ன மிஞ்சும்? ஒரு பிளாஸ்டிக் டப்பா. பிஎஸ்-3 லாரிக்கும் அதுக்கும் நடுவுல எங்கயோதான் நாம வாங்குற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நிக்குது.

அதனால கடைக்குப் போனா "இது நிக்குமா?"ன்னு கேக்காதீங்க, கடைக்காரருக்கும் தெரியாது. ரேமைக் கழட்ட முடியுமா, எஸ்எஸ்டி சாதாரண எம்.2 தானா, வேற ஓஎஸ் ஏறுமா, இந்த ஓஎஸ்ஸுக்கு எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் உண்டு. இவ்வளவு கேட்டாப் போதும்.

இதெல்லாம் சொன்னதும் நான் மேக் மினிக்கு எதிரின்னு நினைச்சுடாதீங்க. வேடிக்கை என்னன்னா, இப்ப ரேம் விக்கிற விலைக்கு, 16 ஜிபி உள்ளேயே இருக்கிற மினி ஐம்பதாயிரம் சொச்சத்துல கிடைச்சா நல்ல பேரம்தான். கோடிங், வெப், மெஷின் லேர்னிங், வீடியோ எடிட்டிங் பண்றவங்க தாராளமா வாங்கலாம். கரண்டும் ரொம்பக் கம்மியா இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். பையில போட்டுக்கிட்டு சேலம் பஸ்ல ஏறலாம் (மானிட்டரை யார் தூக்குறதுன்னு கேக்காதீங்க). மெக்கானிக்கல் பசங்க மட்டும் கிட்டயே போகாதீங்க. சாலிட்வொர்க்ஸ் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். ஈசிஇ-க்கும் அதே நிலைமை, கெய்ல் மியூவிஷன், விவாடோ எதுவும் மேக்ல நேரடியா வராது. இவங்களுக்கு என் ஓட்டு செகண்ட் ஹேண்ட் பெட்டிக்கு. ஆபீஸ்ல இருந்து கழிச்சுக் கட்டின திங்க்சென்டர் டைனி, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எலைட்டெஸ்க் மினி எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்லயும் ஆன்லைன்லயும் கிடைக்குது. மூணுமே கிட்டத்தட்ட ஒரே அளவு, மூணுலயும் ரேம் கழட்டலாம். இன்டெல்னா எட்டாம் தலைமுறைக்குக் கீழ எடுக்காதீங்க. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சாச்சு, விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான்.

இந்தக் கடைசி விஷயம் நம்ம லேப் வரைக்கும் வருது. ஏழாம் தலைமுறை ப்ராசஸர் வச்ச டெஸ்க்டாப் இன்னும் எத்தனையோ காலேஜ் லேப்ல ஓடிக்கிட்டு இருக்கு. ஹார்டுவேர்ல ஒரு குறையும் இல்ல. விண்டோஸ் 11 ஏறாதுங்கிற ஒரே காரணத்துக்காக அதையெல்லாம் ஸ்க்ராப்ல போட்டுட்டு, மானிட்டரும் சிபியுவும் ஒட்டிப் பிறந்த ஆல் இன் ஒன் வாங்கினா அது நம்ம ஃபீஸ் காசு. எஸ்எஸ்டி மாத்தி லினக்ஸ் போட்டா சி, பைத்தான், டேட்டாபேஸ் லேப் மூணும் அந்தப் பழைய பெட்டியிலேயே இன்னும் நாலு வருஷம் ஓடும். சாலிட்வொர்க்ஸ் லேபுக்கு மட்டும் புதுசு வாங்கட்டும். அடுத்த தடவை லேப் சிஸ்டத்துக்கு கொட்டேஷன் கேக்கும்போது டிபார்ட்மென்ட்டுக்கு ரெண்டு மாணவர் பிரதிநிதிகளைக் கூட உக்கார வைங்கன்னு எச்ஓடி சார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்க்ரூ டிரைவரை நாங்களே கொண்டு வந்துடறோம்.